மீன்முள் வரிசையில் டைல்ஸ்: கலவை குழைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சதுர டைல்ஸ் என்றால் ஒரு சுவரோரம் தொடங்கி ஒட்டிக்கொண்டே போகலாம். எதிர்ச்சுவரில் மிச்சம் வருவதை வெட்டிப் போட்டால் வேலை முடிந்துவிடும். மீன்முள் வரிசைக்கு அது சரிப்படாது. ஒவ்வொரு டைலின் தலையும் அடுத்த டைலின் விலாவில் முட்டி நிற்கிறது, எல்லாம் சுவருக்கு 45 டிகிரி சாய்வில் கிடக்கிறது. ஆகவே நான்கு பக்கச் சுவரோரமும் வெட்டுத் துண்டுதான். அந்தத் துண்டுகள் கையளவு வருமா, நகத்தளவு வருமா என்பது முதல் டைல் விழும் இடத்திலேயே முடிவாகிவிடும். அதனால்தான் இந்த வேலையில் பாதி, காகிதத்திலும் தரையில் அடிக்கும் நூலிலும் நடக்கிறது.

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு உப்பும் காற்றும் கூடுதல் கவலை. 75×300 மி.மீ. டைலை மீன்முள்ளாகப் போட்டால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 16 மீட்டர் நீளத்துக்கு இணைப்பு இடைவெளி வரும். இரண்டடிச் சதுர டைலில் அது மூன்றரை மீட்டர்கூட இல்லை. உப்புப் பூப்பதும் அழுக்கு ஊறுவதும் இந்த இடைவெளிகளில்தான். ஐந்து மடங்கு இடைவெளி என்றால் ஐந்து மடங்கு கவனம் வேண்டும்.

டைல் வாங்கும்போது

முதல் முறை செய்கிறவர்களுக்கு 75×300 அல்லது 100×300 நல்ல அளவு. கடையில் ஹெரிங்போன் (மீன்முள்) என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த அளவில் வருவதில் பல, சுவருக்கான செராமிக் டைல்ஸ். தரைக்கு என்றால் விட்ரிஃபைட் தானா, நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மணல் ஒட்டிய காலோடு ஆட்கள் நடமாடும் வீட்டுக்குப் பளபளப்பு வேண்டாம். மேட் வகை எடுங்கள். கடற்கரை மணல் மெருகில் கீறல் போட்டுவிடும்.

இரண்டடிச் சதுர விட்ரிஃபைட் டைலை நான்கு பட்டையாக அறுத்தும் போடலாம். அறுக்கும் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் 2 மி.மீ. தின்றுவிடும் என்பதால் பட்டை 150 அல்ல, சுமார் 148 மி.மீ. அகலமே வரும். நான்கு பட்டையும் ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டும். அறுத்த விளிம்பைக் கல்லால் லேசாகத் தேய்த்து முனை மழுக்காவிட்டால் காலைக் கிழிக்கும். நான்கடி நீள மரத்தோற்ற டைல்ஸைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. நீள டைல் நடுவில் சற்றே வளைந்திருக்கும். ஒன்றின் தலை இன்னொன்றின் விலாவில் முட்டும் இந்த வரிசையில், ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நின்று கால் தட்டும்.

நீளம் அகலத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது கட்டாயம் இல்லை. எந்தச் செவ்வகமும் மீன்முள்ளாக அமையும். கட்டாயமானது, எல்லா டைலும் ஒரே அளவில் இருப்பதுதான். வெவ்வேறு பெட்டியிலிருந்து பத்து டைலை எடுத்துப் பக்கவாட்டில் நிறுத்தித் தலைகளைத் தடவிப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் தெரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தால் வளைவும் தெரிந்துவிடும்.

எத்தனை வாங்குவது? 3.0×3.6 மீட்டர் அறை, அதாவது ஏறக்குறைய 116 சதுர அடி என்று வையுங்கள். 2 மி.மீ. இடைவெளியையும் சேர்த்தால் 75×300 டைல் ஒன்று அடைக்கும் இடம் 77×302 மி.மீ. ஆக 465 டைல். வெட்டுச் சேதாரம் 15 சதவீதம் சேர்த்து 535. சேதாரத்தை 10 சதவீதத்தில் நிறுத்திப் பணம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால், கடைசி மூலைக்குப் போதாமல் போகும். மறுபடி கடைக்குப் போகும்போது அதே நிறம் கிடைக்காது. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு எண் இருக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு பெட்டி வீட்டில் இருக்கட்டும்.

அறையை அளப்பது

அகலத்தை இரண்டு கோடியிலும் நடுவிலும், நீளத்தையும் அதே போல மூன்று இடத்தில் அளந்து, மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை சதுரிப்பாக இருக்கிறது. பவளக்கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இரண்டு விரல் வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

தரையில் இரண்டு மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பள்ளத்தைப் பசையால் நிரப்பிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தடித்த இடத்தில் பசை சுருங்கி டைலைக் கீழே இழுத்துவிடும். பூச்சு போட்டு மட்டம் செய்து, காயவிட்டு, பிறகு வாருங்கள்.

அடுத்தது ஈரம். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் மண்ணின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். கடலோரத்தில் ஈரம் தனியாக ஏறாது, உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தத் தரைக்கு முதலில் ஈரத்தடுப்புப் பூச்சு வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சோதனையில் தேறாத தரை, மாசி பங்குனியில் தேறிவிடலாம். ஆனாலும் மழைக்காலத்தில் வியர்த்த தரைக்குப் பூச்சைத் தவிர்க்க வேண்டாம். ஈரம் அடுத்த ஐப்பசியில் திரும்பி வரும்.

பட்டைக் கணக்கு

மீன்முள் வரிசையைச் சற்று எட்ட நின்று பார்த்தால், வலப்பக்கம் சாய்ந்த டைல்ஸ் ஒரு பட்டை, இடப்பக்கம் சாய்ந்தவை அடுத்த பட்டை என்று மாறி மாறி அறையின் நீளவாக்கில் ஓடுவது தெரியும். இரண்டு பட்டை சேருமிடத்தைச் சந்திக்கோடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே டைல்ஸ் கூடி அம்புபோல நீளும் மூலையை முனை என்போம். திட்டம் முழுவதும் இந்தச் சந்திக்கோடுகள் எங்கே விழுகின்றன என்பதில் அடங்கியிருக்கிறது. காகிதத்தில் ஒவ்வொரு டைலையும் வரைய வேண்டாம், சந்திக்கோடுகளை மட்டும் வரைந்தால் போதும்.

மூன்று எண்கள் வேண்டும். மூன்றுக்கும் 2 மி.மீ. இடைவெளியைச் சேர்த்த அளவையே எடுங்கள்.

பட்டையின் அகலம் = டைலின் நீளம் × 0.707. நம் டைலுக்கு 302 × 0.707 = 213.5 மி.மீ.

ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் உள்ள தூரம் = டைலின் அகலம் × 1.414. அதாவது 77 × 1.414 = 109 மி.மீ.

முனை விலகல் = டைலின் அகலம் × 0.354. அதாவது 27 மி.மீ. மீன்முள் வரிசையில் முனை நட்ட நடுவில் கூடுவதில்லை. ஒரு டைல் மற்றதன் தலையை மூடிக்கொண்டு நிற்பதால் முனை ஒரு பக்கமாக இவ்வளவு தள்ளி நிற்கும்.

இரண்டடி டைலை அறுத்தெடுத்த 148×600 டைல் என்றால் இந்த எண்கள் முறையே 425.6, 212, 53 மி.மீ.

இனி அறைக்கு வருவோம். அகலம் 3,000 மி.மீ. பாதி 1,500. டைல்ஸ் வெயிலுக்கும் குளிருக்கும் அசையச் சுவரோரம் 6 மி.மீ. விட வேண்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். மீதி 1,494. அறையின் மையத்தில் ஒரு சந்திக்கோட்டை வைத்தால் 1,494 ÷ 213.5 = சரியாக 7 பட்டை. முழு எண் வந்ததே என்று மகிழ வேண்டாம். இதுதான் கெட்ட விடை. சுவர் சரியாகச் சந்திக்கோட்டின் மேல் விழுகிறது. முனைகள் கோட்டைத் தாண்டி 27 மி.மீ. நீண்டிருப்பதால், சுவரோரம் நெடுக 27 மி.மீ. உயரமும் 54 மி.மீ. அடியுமாகச் சின்னச் சின்ன முக்கோணங்கள் வெட்ட வேண்டிவரும். வெட்டும்போதே பாதி உடையும். ஒட்டிய மிச்சம், துடைப்பம் பட்டுப் பட்டு ஒன்றொன்றாகக் கழன்று வரும்.

மீதி வரும் பட்டை, முழுப் பட்டையில் கால் பங்குக்கு மேலும் முக்கால் பங்குக்குக் கீழும் இருக்க வேண்டும். இங்கே 55 முதல் 160 மி.மீ. வரை. அதற்கு இரண்டு வழி உண்டு.

மையத்தில் சந்திக்கோட்டுக்குப் பதிலாக ஒரு பட்டையின் நடுவை வைப்பது முதல் வழி. பாதிப் பட்டை 107 மி.மீ. கழித்தால் 1,387 ÷ 213.5 = 6.5. சுவர் பட்டையின் நடுவில் விழுகிறது. துண்டுகள் பெரிதாக வரும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். ஆனால் வாசலில் நின்று பார்த்தால் முனை வரிசை அறையின் நடுவில் ஓடாது.

இரண்டாவது வழி, சுவரோரம் ஒரு டைல் அகலத்துக்கு, சுவருக்கு இணையாக நேர்க்கரை ஓட்டுவது. 1,494-இல் 77 கழித்தால் 1,417. அதை 213.5-ஆல் வகுத்தால் 6.64, மீதிப் பட்டை 136 மி.மீ. முனையும் நடுவில் நிற்கும். கூடத்துக்கு இந்த வழியே மேல் என்பது எங்கள் கருத்து. கோணல் சுவருக்கும் இது மருந்து. கரையின் அகலத்தை மாற்றாமல் சுவரை ஒட்டியே ஓட்டுங்கள். கோணல் முழுவதும் கரைக்கு உள்பக்கச் சாய்வெட்டுகளில் போய்விடும், அங்கே கண் அதைப் பிடிக்காது. கரையையே ஒரு பக்கம் ஒடுக்கி ஒரு பக்கம் அகலமாக வெட்டினால் தூரத்திலிருந்தே தெரியும்.

நீளவாக்கில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. முனைகள் 109 மி.மீ.க்கு ஒன்று வருவதால் ஏதாவது ஒரு கோடியில் சின்னத் துண்டு வந்தே தீரும். வாசலுக்கு எதிரே கண்ணில் படும் கோடியில் நல்ல துண்டுகளை வைத்து, மோசமானவற்றைக் கட்டிலோ பீரோவோ வரும் பக்கம் தள்ளுங்கள்.

முனைகள் வாசலிலிருந்து உள்நோக்கிக் காட்டும்படி வைப்பது வழக்கம். நடைபாதை போன்ற ஒடுங்கிய இடத்தில் பட்டை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஐந்தாறு பட்டையாவது விழுந்தால்தான் மீன்முள் என்று தெரியும். நாலடி நடையில் 600 மி.மீ. டைல் போட்டால் மூன்று பட்டைகூட முழுதாக வராது, குழப்பமாகத்தான் இருக்கும்.

சாய்க்காமல், டைலைச் சுவருக்கு இணையாகவே வைத்து மீன்முள் போடும் முறையும் உண்டு. அதில் முனைகள் மூலைவாட்டில் ஓடும், வெட்டெல்லாம் நேர்வெட்டு, சேதாரம் 10 சதவீதத்தில் அடங்கும். சமையலறைச் சுவருக்கும் சின்னக் குளியலறைக்கும் அது போதும். குளியலறைத் தரையில் நடுவில் தண்ணீர்போக்கு வைத்தால் நாலு பக்கச் சரிவும் வரிசையை மடித்துவிடும். நீளத் தண்ணீர்போக்கைச் சுவரோரம் வைத்து ஒரே சரிவாகக் கொடுங்கள். முடியாவிட்டால் தரைக்குச் சதுர டைல் போட்டு மீன்முள்ளைச் சுவரில் ஏற்றுங்கள்.

நூல் அடித்தல்

இரு கோடிச் சுவர்களின் நடுவைக் குறித்து, கலர்பொடி நூலால் மையக் கோடு அடியுங்கள். அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். மூலமட்டம் சின்னது, நம்ப முடியாது. மையக் கோட்டில் 4 அடி, குறுக்கே 3 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை நகர்த்துங்கள். வெட்டும் புள்ளியிலிருந்து இரண்டு கோட்டிலும் ஒரு மீட்டர் குறித்து அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் 45 டிகிரிக் கோடு கிடைத்துவிடும். முதல் டைல் இந்தச் சாய்வுக்கு இணையாகப் படுக்க வேண்டும்.

மையக் கோட்டுக்கு 27 மி.மீ. தள்ளி, இணையாக இன்னொரு கோடு அடியுங்கள். இது முனைக்கோடு. எந்தப் பக்கம் தள்ளுவது? எந்தப் பக்கத்து டைல் மற்றதன் தலையை மூடுகிறதோ அந்தப் பக்கம். மூடும் டைலின் வெளிமுனை இந்தக் கோட்டில் நடந்துபோக வேண்டும். சரிபார்க்க எளிய வழி: மூடும் டைலின் குறுகிய தலையின் நடு, மையக் கோட்டில் விழும்.

இப்போது பசை இல்லாமல், இடைவெளி மாறாமல் காக்கும் கூட்டல் குறி வடிவப் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்து மையத்தில் நாலு முனை வரை அடுக்கி, அங்கிருந்து ஒரு சுவர் வரை ஒரே ஒரு வரிசை ஓட்டிப் பாருங்கள். கணக்கில் சொன்ன 136 மி.மீ. தரையிலும் வருகிறதா? வராவிட்டால் டைலின் உண்மை அளவு பெட்டியில் எழுதியிருப்பதிலிருந்து மாறுகிறது. பத்து டைலைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்து, மூன்று எண்களையும் திரும்பப் போடுங்கள். இங்கே செலவாகும் ஒரு மணி நேரம் வீண் போகாது.

ஒட்டுதல்

1. பையில் ஐ.எஸ். 15477 முத்திரையும், விட்ரிஃபைட் என்றால் வகை 2 அல்லது அதற்கு மேலும் இருக்கும் பசையை வாங்குங்கள். 20 கிலோ பை, 3 மி.மீ. கனத்தில் சுமார் 50 சதுர அடி வரும். நம் அறைக்கு மூன்று பை.

2. குழைக்கக் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். காவிரித் தண்ணீரைச் சமையலுக்குப் பிடித்துவைத்து, வேலைக்கு உப்பான போர்வெல் தண்ணீரைக் கொடுப்பது இங்கே சகஜம். அந்த உப்புதான் ஒரு வருடத்தில் இடைவெளி நெடுக வெள்ளையாகப் பூக்கிறது. மட்டம் செய்யும் பூச்சிலும் கடற்கரை மணல் கூடாது.

3. 6 மி.மீ. பல்கரணையால் ஒரே திசையில் கோடு இழுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரப்ப வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது ஐந்தாறு நிமிடத்திலேயே மேலே ஆடை கட்டிவிடும். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சுரண்டி எறியுங்கள், தண்ணீர் தெளித்து இளக்கப் பார்க்காதீர்கள்.

4. முதல் இரண்டு டைலை மூலமட்டம் வைத்துச் சேருங்கள். இங்கே ஒரு டிகிரி பிசகினால் 3.6 மீட்டர் போய்ச் சேரும்போது 63 மி.மீ. விலகியிருக்கும்.

5. மையத்து இரண்டு பட்டையை மட்டும் அறையின் நீளம் முழுவதும் ஒட்டி, ஒரு நாள் இறுகவிடுங்கள். அவசரப்பட்டு அன்றே பக்கவாட்டில் விரிந்தால், புது டைலைத் தட்டும் ஒவ்வொரு தட்டும் மைய வரிசையைத் தள்ளிவிடும். அது இறுகியபின் இரண்டு பக்கமும் அதன்மேல் சாய்ந்துகொண்டு போகலாம்.

6. இந்த வரிசையில் கூட்டல் குறி போன்ற சந்திப்பு கிடையாது, எல்லாம் முட்டுச் சந்திப்பு. ஸ்பேசரின் ஒரு காலை வெட்டிவிட்டு வையுங்கள்.

7. ஐந்து முனைக்கு ஒரு தடவை முனைக்கோட்டைச் சரிபாருங்கள். ஐந்து முனைக்கு 545 மி.மீ. போயிருக்க வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் வந்தால் அடுத்த ஐந்தில் இடைவெளிகளில் பங்கிட்டுச் சரிசெய்யலாம். 10 வந்தால் பெயர்த்துத் திரும்ப ஒட்டுவதே வழி.

பத்து டைலுக்கு ஒன்றைப் பெயர்த்து முதுகைப் பாருங்கள். பசை முழுக்கப் படியாமல் கோடு கோடாக நின்றால் அழுத்தம் போதவில்லை. அந்தப் பொந்துகளில்தான் பிறகு உப்புத் தண்ணீர் தங்கும்.

சுவரோரத் துண்டுகள்

முழு டைல்ஸ் எல்லாம் முடிந்த பிறகே துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் குறித்து, முதுகில் எண் போடுங்கள். 45 டிகிரியில் வெட்டிய டைலின் இரண்டு பாதியும், அதே சாய்வுள்ள பட்டைக்கு இடச்சுவரிலும் வலச்சுவரிலும் பயன்படும். எதிர்ச்சாய்வுப் பட்டைக்கு அதே சுவர்களில் பயன்படாது. அதனால் வலச்சாய்வுக்கு ஒரு குவியல், இடச்சாய்வுக்கு ஒரு குவியல் என்று பிரித்து வைத்தால் சேதாரம் கணிசமாகக் குறையும். கைக்கட்டரில் சின்ன முக்கோணம் நொறுங்கும். அதற்குத் தண்ணீர் ஓடும் கட்டரோ, வைரப் பிளேடு போட்ட கிரைண்டரோ வேண்டும். மூக்குக்குத் தூசி தடுக்கும் முகமூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

அறைக்கும் வராந்தாவுக்கும் இடையில் வரிசையைத் தொடர்ச்சியாக ஓட்டும் ஆசை பலருக்கும் உண்டு. வாசற்படிக் கல்லோடு நிறுத்திவிடுங்கள். வெயில் படும் வராந்தா விரியும் அளவு வேறு, உள்ளறை விரியும் அளவு வேறு. அங்கே 6 மி.மீ. மென்மையான சீலன்ட் இணைப்பு வேண்டும். அதை மீன்முள்ளின் நடுவே அறுத்துவிட்டால் கோலம் கெடும். வராந்தாவே நீளமானால் மூன்று மீட்டருக்கு ஒரு நேர்க்கரை கொடுத்து, அதை ஒட்டி இணைப்பை ஒளித்துவிடலாம்.

கிரவுட்

ஒட்டி ஒரு நாள் முழுதாகக் கழிந்த பிறகு இடைவெளியில் பிதுங்கிய பசையைச் சுரண்டுங்கள். ஆழம் பாதிக்கு மேல் காலியாக இருந்தால்தான் இடைவெளியை நிரப்பும் கலவையான கிரவுட் நிற்கும். 9 மி.மீ. கனமுள்ள டைலுக்கும் 2 மி.மீ. இடைவெளிக்கும் சதுர மீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். நம் அறைக்கு 6 கிலோ, கைவசம் 7 இருக்கட்டும்.

கடலோரத்தில் எபாக்ஸி என்னும் பிசினால் ஆன கிரவுட்டுக்குச் செலவழிப்பது தகும். சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். எபாக்ஸி உறிஞ்சாது, உப்புக்கு வழிவிடாது. ஆனால் வெயில் நேரத்தில் சட்டியிலேயே இறுகிவிடும். அரை அரைக் கிலோவாகக் கலந்து, காலை பத்து மணிக்குள் முடித்து, போட்ட சூட்டோடு ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். மறுநாள் துடைக்கலாம் என்று விட்ட எபாக்ஸி, மேட் டைலின் சொரசொரப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். நிறம், டைலை விட ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தால் வரிசை எடுப்பாகத் தெரியும். வெள்ளை கிரவுட், மணல் மிதிபடும் வீட்டுக்கு ஒத்துவராது.

வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். சிமென்ட் கிரவுட்டை அது அரிக்கும், அறையில் உள்ள இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். சிமென்ட் கிரவுட்டில் வெள்ளை பூத்தால் முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஈரத்துணியை முதலில் போட்டால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். இரண்டு மூன்று தடவை எடுத்தும் ஒரே இடத்தில் பூத்துக்கொண்டிருந்தால், அங்கே அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த இடத்து டைலைப் பெயர்த்து, தரையைக் காயவிட்டு, ஈரத்தடுப்புப் பூச்சு போட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். வாங்கி வைத்த கூடுதல் பெட்டி அதற்குத்தான்.